4 வீல் பிக்கப் ஜீப்: வேகம் எடுத்தால் முன்சக்கரம் உதறுகிறது, உதவி தேவை

அணைக்கட்டு_பிக்கப்:
அண்ணன்களுக்கு வணக்கம். வண்டி வேகம் எடுத்தால் ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், முன்சக்கரம் இரண்டும் தடதடவென்று உதறுகிறது. வேகத்தைக் குறைத்தால்தான் அடங்குகிறது. பிரேக் அடித்தால் வலது பக்கம் இழுக்கிறது. அலைன்மெண்ட் பார்த்தாயிற்று, ஒரு மாற்றமும் இல்லை. இந்த வாரக் கடைசியில் புளி மூட்டை ஏற்ற பீஞ்சமந்தை மலைக்குப் போக வேண்டும். என்ன பார்ட் மாற்றினால் சரியாகும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

காட்பாடி_டீசல்:
என்ன வண்டி தம்பி? எந்த வருஷம்? மேனுவல் ஸ்டியரிங்கா, பவரா? டயர் சைஸ் என்ன? எந்த வேகத்தில் உதறல் தொடங்குகிறது? இதெல்லாம் தெரியாமல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

சேற்று_டயர்:
டயர்தான், சந்தேகமே வேண்டாம். பட்டன் டயர் (மேடு மேடாக இருக்கும் சேற்று டயர்) போட்டிருப்பீர்கள். அது ஒரு பக்கம் தேய்ந்தால் எந்த வண்டியும் உதறும். முன்சக்கரத்தைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். உதறல் குறைந்தால் டயர், குறையவில்லை என்றால் வேறு. காசு செலவில்லாத சோதனை இது ஒன்றுதான்.

ராணிப்பேட்டை_4x4:
ப்ரோ, ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) ஒன்று வாங்கிப் போடுங்கள். என் நண்பன் வண்டியில் இதே உதறல், டேம்பர் போட்ட அன்றே நின்றுவிட்டது.

பழைய_வில்லிஸ்:
டேம்பர் நோயைத் தீர்க்காது, மறைக்கும். ஸ்டியரிங் கம்பிகளின் லிங்க்கில் ஆட்டம் இருக்கும்போது டேம்பர் போட்டால் இன்னும் கொஞ்ச நாள் தெரியாமல் ஓடும், அப்புறம் இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் எண்டு கழன்று சக்கரம் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். இந்த உதறலைப் பற்றி இங்கே நான் எத்தனையோ முறை விளக்கமாக எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. வண்டிப் பெயர் கூடச் சொல்லாமல் பார்ட் பெயர் கேட்கிறார், அதற்கும் ஆளாளுக்குப் பதில்.

அணைக்கட்டு_பிக்கப்:
சாரி சார், ஷெட்டில் இருந்து போனில் அடித்தேன். மஹிந்திரா எம்எம் 540, 1994, பின்னால் பிக்கப் பாடி. மேனுவல். நாலு பக்கமும் கமான் பட்டை ஸ்பிரிங். 50க்கு மேல் உதறல். டயர் முன்பை விடப் பெரிது, அது மட்கார்டில் இடிக்காமல் இருக்க முன்னால் நீள ஷேக்கிள் (பட்டை நுனியைச் சேசிஸில் மாட்டும் இணைப்பு) போட்டிருக்கிறது.

காட்பாடி_டீசல்:
ஷேக்கிள் போட்ட பிறகுதான் உதறலா, அதற்கு முன்பே இருந்ததா? அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். டயர் சைஸ் இன்னும் வரவில்லை.

கொணவட்டம்_பாய்:
தம்பி, நீள ஷேக்கிள் என்று சொன்னதும் பாதி விஷயம் வந்துவிட்டது. சைக்கிளின் முன் ஃபோர்க் நேராக இல்லாமல் பின்பக்கம் சாய்ந்து இருக்கும், கை விட்டாலும் நேராகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் வண்டியிலும் கிங் பின், அதாவது முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சாணி, அதே மாதிரி மேல்பக்கம் பின்னால் சாய்ந்து இருக்க வேண்டும், அதற்குப் பெயர்தான் கேஸ்டர். வில்லிஸ் காலத்து ஜீப் கையேட்டில் 3 டிகிரி. ஷேக்கிள் பட்டையின் முன் நுனியில் இருக்கும் வண்டியில் அதை நீளமாக்கினால் பட்டையின் முன்பக்கம் கீழே இறங்கும், அச்சு முன்னால் கவிழும், கேஸ்டர் குறையும். சக்கரம் தானாக நேராகத் திரும்பும் குணமே போய்விடும். கிங் பின்னில் கொஞ்சம் ஆட்டமும் சேர்ந்தால் ஒரு பள்ளம் போதும், உதற ஆரம்பித்துவிடும்.

சாதாரண அலைன்மெண்ட் கடையில் டோ (சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து டை ராடைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த மாதிரி திடமான முன் அச்சில் கேஸ்டரை மாற்ற அங்கே திருகு கிடையாது. அதனால்தான் உங்களுக்கு மாற்றம் தெரியவில்லை.

மலைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். வண்டி தரையில் நிற்கட்டும், ஜாக்கி வேண்டாம். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சமாக ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் கையால் பிடித்துப் பாருங்கள். ஸ்டியரிங் பெட்டியில் இருந்து வரும் டிராக் லிங்க் எண்டு, டை ராட் எண்டு, ஸ்டியரிங் பெட்டி சேசிஸில் பிடித்திருக்கும் போல்ட், எல்லாம். ஆட்டம் இருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் விரலுக்குத் தெரியும். பெட்டி போல்ட்டைப் பலர் விட்டுவிடுவார்கள், பழைய சேசிஸில் அந்த இடத்தில் விரிசல் கூட வந்திருக்கும்.

பிறகு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவிக்கு நிற்பவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங் பின் பேரிங். பேரிங் நல்லதாக இருந்தால் மேலே உள்ள ஷிம் (மெல்லிய தகடு) ஒன்றைக் குறைத்து இறுக்கலாம், குழி விழுந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ராணிப்பேட்டை_4x4:
பாய், ஷேக்கிளை எடுக்காமல் கேஸ்டரைத் திரும்பக் கொண்டு வர வழி இல்லையா? டயர் மாற்றக் காசு இல்லாதவர்கள் இருப்பார்கள்.

கொணவட்டம்_பாய்:
இருக்கிறது. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் சாய்வு பிளேட் வைப்பார்கள். பட்டை அச்சுக்குக் கீழே இருந்தால் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும், பட்டை மேலே இருந்தால் தடித்த பக்கம் பின்னால். இரும்பில்தான் போட வேண்டும், அலுமினியம் லோடுக்கு நசுங்கும். யூ போல்ட் புதிது போடுங்கள், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள். ஆனால் அச்சைப் பின்னால் சாய்த்தால் டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் சேரும் பினியன் மூக்கு கீழே போகும், முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டில் கோணம் அதிகமாகும். 4 வீல் போட்டு ஏறும்போது அதிரும். மலை ஏறுகிற வண்டிக்கு நான் சொல்வது, பழைய ஷேக்கிளைத் திரும்பப் போடுவதுதான்.

சேற்று_டயர்:
நானும் அதைத்தான் சொன்னேன், பெரிய டயர்தான் மூலக் காரணம்.

ஒடுகத்தூர்_மலையடி:
இன்னொரு கேள்வி. தார் ரோட்டிலும் 4 வீல் லீவரைப் போட்டபடியே ஓட்டுகிறீர்களா? மலையில் இருந்து இறங்கி வரும் நிறைய வண்டிகள் லீவரை எடுக்காமலே வேலூர் வரை போகின்றன. இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், அது முடியாமல் ஸ்டியரிங் கல்லாகும், ஜாயின்ட் எல்லாம் சீக்கிரம் போகும்.

வாலாஜா_ஓட்டுநர்:
இவ்வளவு தொல்லைக்கு ஒரே வழி, வேறு வண்டியின் பவர் ஸ்டியரிங் பெட்டியைப் போட்டுவிடுவது. லோடோடு கொண்டை ஊசி வளைவில் மேனுவல் ஸ்டியரிங் திருப்பித் தோள் போனவர்களுக்குத்தான் தெரியும்.

பழைய_வில்லிஸ்:
சட்டம் தெரியாமல் யோசனை சொல்லாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும், அப்போது கேட்டால் என்ன சொல்வீர்கள்?

வாலாஜா_ஓட்டுநர்:
சட்டம் தெரியும் சார். அப்படிப் பார்த்தால் நீள ஷேக்கிளும் பெரிய டயரும் மாற்றம்தானே, அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. மலை ஊரில் பிரசவத்துக்கும் இதே வண்டிதான், புளிக்கும் இதே வண்டிதான். ஓட்டுகிறவன் கை சோர்ந்து வளைவில் விட்டுவிட்டால் யார் பொறுப்பு?

பழைய_வில்லிஸ்:
கை சோர்வதற்குக் காரணம் காற்று குறைந்த பெரிய டயரும், யாரோ இறுக்கிவிட்ட ஸ்டியரிங் பெட்டித் திருகும். ஆட்டம் குறையட்டும் என்று அந்தத் திருகை அளவுக்கு மேல் இறுக்குவார்கள். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது, உள்ளே பல்லும் போய்விடும். கிங் பின்னுக்குக் கிரீஸ் அடித்து, காற்றைச் சரியாக வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பவர் ஸ்டியரிங் பற்றிப் பேசுங்கள். மேனுவல் பெட்டியோடு இந்த வண்டிகள் ஒரு தலைமுறைக்கு மலையில் ஓடியிருக்கின்றன.

வாலாஜா_ஓட்டுநர்:
ஓடியது உண்மை. ஓட்டியவர்களின் தோளைக் கேளுங்கள்.

காட்பாடி_டீசல்:
இரண்டு பேரும் தனி இழை போட்டுப் பேசுங்கள். தம்பி, என்ன ஆயிற்று?

அணைக்கட்டு_பிக்கப்:
அண்ணா, பாய் சொன்ன மாதிரி கீழே படுத்துப் பார்த்தோம். டிராக் லிங்க் எண்டு கையில் ஆடியது. இடது கிங் பின் கீழ் பேரிங்கில் குழி. இரண்டும் மாற்றி, பழைய ஷேக்கிளையே திரும்பப் போட்டோம். 60 வரை உதறல் இல்லை. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் இடிக்கிறது. பிரேக் அடித்தால் வலது பக்கம் இழுப்பது மட்டும் இன்னும் இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி, மலைக்குக் கிளம்புகிறேன்.

கொணவட்டம்_பாய்:
தம்பி, கிளம்பாதீர்கள். வலது பக்கம் இழுத்தால் பெரும்பாலும் இடது சக்கரம் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இடது டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். கிங் பின் பக்கத்து ஆயில் சீல் போய் லைனிங்கில் எண்ணெய் இறங்கியிருக்கும், இல்லை என்றால் வீல் சிலிண்டர் ஒழுகும். லைனிங் நனைந்திருந்தால் துடைத்துப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் புதிது மாற்றுங்கள். லோடோடு பீஞ்சமந்தை இறங்கும்போது ஒரு பக்கப் பிரேக் ஆகாது. பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

ஒடுகத்தூர்_மலையடி:
ஒடுகத்தூர் வழியாகத்தான் வருவீர்கள். மேலே ஏறும் முன் அடிவாரத்தில் நிறுத்தி டிரம்மைத் தொட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே சூடு இருக்க வேண்டும். லீவர் கேள்விக்கும் பதில் சொல்லுங்கள்.