‘வேதவாக்கியங்களின்படி மூன்றாம் நாளில்’ – அது எந்த வாக்கியம்?

பாடாங் செராய் ஆசிரியை:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கம் தோட்டத்து மக்கள் கூடும் ஒரு சிறிய தமிழ்த் திருச்சபையில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிறேன். இந்த ஈஸ்டருக்கு ‘மேசியாவைக் குறித்த வாக்குத்தத்தங்களின் நிறைவேறுதல்’ என்ற பாடத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான்காம் படிவத்தில் படிக்கும் மாணவன் ஒருவன் முதலாம் கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தில் விரலை வைத்துக்கொண்டு, “கிறிஸ்து வேதவாக்கியங்களின்படி மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்று பவுல் எழுதுகிறாரே, டீச்சர், பழைய ஏற்பாட்டில் அது எந்த வசனம்?” என்று கேட்டான். மேசியாவின் பாடுகளுக்கு, பாடுபடும் தாசனைப் பற்றிச் சொல்லும் ஏசாயா 53 இருக்கிறது. மூன்றாம் நாளுக்கு எதைக் காட்டுவது?

அதே வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கேட்டது இதைவிடக் கடினமானது. ஜனங்கள் தங்கள் பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள், இனி யுத்தத்தைக் கற்பதில்லை என்று ஏசாயா 2இல் எழுதியிருக்கிறது. மேசியா வந்துவிட்டார் என்றால் யுத்தம் ஏன் ஓயவில்லை என்று அவளுடைய பெரியப்பா கேட்டாராம். அவர் இந்து, கேலிக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டிருக்கிறார். ‘எல்லாம் நிறைவேறிற்று’ என்று பாடப்புத்தகத்தில் உள்ள ஒரே வரியை வைத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை.

குளுவாங் சகோதரர்:

சகோதரி, முதல் கேள்விக்கு ஓசியா 6:2 போதும். ‘மூன்றாம் நாளில் நம்மை எழுப்புவார்’ என்று தெளிவாகவே இருக்கிறது. கூடவே யோனா மீனின் வயிற்றில் இருந்த மூன்று நாளையும், அதை மத்தேயு 12:40இல் ஆண்டவரே எடுத்துச் சொன்னதையும் காட்டுங்கள். முந்நூறு தீர்க்கதரிசனங்களும் அவற்றின் நிறைவேறுதலும் என்ற அட்டவணைகள் கிடைக்கின்றன. ஒன்றை அச்சடித்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் மறு கேள்வி வராது.

சுங்கை சிப்புட், ஓய்வுபெற்ற உபதேசியார்:

சகோதரர் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த அட்டவணையை நான் கொடுக்கமாட்டேன். விரலை வைத்து வசனத்தைத் தேடுகிற பையன் ஓசியாவையும் திறந்து பார்ப்பான். அங்கே எழுப்பப்படுவது ‘நாம்’, அதாவது மனந்திரும்பும் ஜனம் என்பதை அவன் பார்த்துவிட்டால், அட்டவணையில் மீதியுள்ளவற்றையும் நம்பமாட்டான். புதிய ஏற்பாட்டில் எந்த ஆசிரியரும் உயிர்த்தெழுதலுக்கு ஓசியாவின் அந்த வசனத்தை நேரடியாக மேற்கோள் காட்டவுமில்லை. யோனாவின் காரியம் வேறு. அதை ஆண்டவரே அடையாளமாக எடுத்தாண்டார். ஆனால் அது நடந்த ஒரு சம்பவத்தில் காணப்படும் சாயல். மூன்றாம் நாளைக் குறித்துவைத்த முன்னறிவிப்பு அன்று.

லூக்கா 24இலிருந்து தொடங்குங்கள். எம்மாவுக்கு நடந்து போன அந்த இரண்டு சீஷர்களுக்கும் வேதவாக்கியங்கள் தெரியாதவையல்ல. சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். கல்லறை வெறுமையாக இருந்தது என்ற செய்தியும் அன்று காலையிலேயே அவர்கள் காதுக்கு வந்திருந்தது. இருந்தும், ‘அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்’ என்று, நம்பிக்கையை முடிந்துபோன காரியமாகத்தான் சொல்கிறார்கள். லாசருவின் சகோதரி மார்த்தாளைப் பாருங்கள், மரித்துப்போன தன் சகோதரன் கடைசி நாளில் எழுந்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் எல்லாருக்கும் முன்பாக ஒருவர் மட்டும் சரித்திரத்தின் நடுவிலேயே எழுந்திருப்பார் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆகவே வசனங்களைத் தொகுத்து வைத்துக்கொண்டு அதற்கேற்ற கதையைச் சீஷர்கள் கட்டினார்கள் என்பது பொருந்தாது. முதலில் அவரைக் கண்டார்கள். பிறகு அதே வேதத்தைத் திரும்ப வாசித்தார்கள்.

அப்படி வாசித்தபோது அவர்கள் கண்ணில் முதலில் பட்டது தாவீதுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு. இரண்டாம் சாமுவேல் 7இல் ‘உன் ராஜாசனம் என்றென்றைக்கும் நிலைபெற்றிருக்கும்’ என்று கர்த்தர் சொல்லியிருக்க, கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேமைத் தீக்கிரையாக்கிய பிறகு அந்தச் சிங்காசனத்தில் தாவீதின் வம்சத்தார் எவரும் உட்காரவில்லை. இதைச் சங்கீதம் 89 மூடி மறைப்பதில்லை. கிரீடத்தைத் தரையிலே தள்ளிவிட்டீர், உடன்படிக்கையை ஒழித்துவிட்டீர் என்று தேவனிடமே முறையிடுகிறது. சிலுவைக்கு மேல் ‘யூதருடைய ராஜா’ என்று எழுதி மாட்டியபோது அந்த முறையீடு உச்சத்துக்குப் போய்விட்டது என்றே சொல்வேன்.

பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் வாதம் (அப்போஸ்தலர் 2) இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ‘உம்முடைய பரிசுத்தவானை அழிவைக் காணவொட்டீர்’ என்று சங்கீதம் 16இல் பாடிய தாவீது மரித்து அடக்கம்பண்ணப்பட்டான், அவனுடைய கல்லறை இன்றும் நம்மிடத்தில் இருக்கிறது, எனவே அவன் தன்னைக் குறித்துப் பாடவில்லை என்கிறார். சாகிற ராஜா எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் சிங்காசனத்தை இன்னொருவனுக்கு விட்டுத்தான் போகவேண்டும். மரணம் இனி ஆண்டுகொள்ளாத ஒருவரால்தான் ‘என்றென்றைக்கும்’ என்ற வாக்கு நிற்கும். ‘வேதவாக்கியங்களின்படி’ என்று பவுல் சொல்வதும் ஒரு வசனத்தைச் சுட்டுவதல்ல, இந்த முழுப் போக்கையும் சுட்டுவது என்பதே என் கருத்து.

பெரியப்பாவுக்கு நேர்மையான பதில்: ஏசாயா 2 இன்னும் நிறைவேறவில்லை. யூதர்கள் இயேசுவை மேசியாவாக ஏற்காததற்கு முக்கியமான காரணங்களில் அதுவும் ஒன்று. அந்தக் காரணத்தை நாம் அற்பமாக எண்ணக்கூடாது. பேதுருவும் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. தீர்க்கதரிசிகள் உரைத்தவை நிறைவேறித் தீரும் காலங்கள் வரும்வரைக்கும் பரலோகம் கிறிஸ்துவை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார் (அப்போஸ்தலர் 3:21). ஈஸ்டருக்குப் பவுல் கொடுக்கும் பெயர் ‘முதற்பலன்’. லேவியராகமம் 23இன்படி அறுப்பின் முதல் கதிர்க்கட்டை ஆசாரியன் ஓய்வுநாளுக்கு மறுநாளில் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்டுவான். வயலில் மற்றதெல்லாம் இன்னும் அறுக்கப்படாமல் நிற்கும்.

உங்கள் பிள்ளைகள் கதிர்க்கட்டைப் பார்த்திருக்கமாட்டார்கள், ஆனால் செம்பனையைப் பார்த்திருப்பார்கள். குலை வெட்டுகிறவர் மரத்தடிக்கு வந்ததும் அண்ணாந்து பார்ப்பதற்கு முன்பே தரையைப் பார்ப்பார். உதிரிப்பழம் கிடந்தால் மேலே குலை பழுத்துவிட்டது என்று கணக்கு. குலை இன்னும் மரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது காயா பழமா என்ற சந்தேகத்துக்கு இனி இடமில்லை. பெரியப்பாவும் தோட்டத்து ஆளாக இருந்தால் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

ஈப்போ வாசகர்:

உபதேசியார் ஐயா சொன்னவற்றோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். ஏசாயா 53ஐயும் ‘முடிந்த காரியம்’ என்று தாண்டிவிட வேண்டாம். அங்கே வரும் தாசன் இஸ்ரவேல் ஜனமே என்று வாசிக்கும் யூத மரபு உண்டு, ஏசாயா 49:3 ‘நீ என் தாசன், இஸ்ரவேலே’ என்று தொடங்குவது அதற்கு ஆதாரம். அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி கேட்பதும், தீர்க்கதரிசி யாரைக் குறித்து இதைச் சொல்கிறார் என்பதையே. அதே சமயம், அந்த அதிகாரத்தைக் கிறிஸ்தவர்கள் பின்னாளில் எழுதிச் செருகினார்கள் என்று யாராவது சொன்னால் அதற்கு இடமில்லை. 1947இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் இயேசு பிறப்பதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டது. 53ஆம் அதிகாரம் அதில் இருக்கிறது.

பாடாங் செராய் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. சங்கீதம் 89ஐ முதலில் வாசிக்கவைத்து, அதன்பின் அப்போஸ்தலர் 2க்குப் போகலாம் என்று தீர்மானித்திருக்கிறேன். எங்களுக்கு நேரம்தான் நெருக்கடி. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் பெரிய வெள்ளிக்கு வீட்டில் இருக்கிறோம், உயிர்த்தெழுந்த ஞாயிறன்று வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிறோம். அருணோதய ஆராதனை முடிந்த கையோடு பிள்ளைகள் சீருடையில் கிளம்பிவிடுவார்கள். ஆகவே வகுப்பைச் சனிக்கிழமை மாலையில் வைக்கிறேன். வரிசையாக வாசிக்க வேறு பகுதிகள் ஏதேனும் உண்டா?

பாகான் செராய், கத்தோலிக்கர்:

சனிக்கிழமை மாலை என்றால் ஈஸ்டருக்கு முந்தின இரவு நாங்கள் நடத்தும் பாஸ்கா திருவிழிப்பு வழிபாட்டின் வாசகங்களையே எடுத்துக்கொள்ளலாமே, டீச்சர். பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள்: படைப்பு, ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போனது, செங்கடலைக் கடந்தது, எசாயா 54, 55, பாரூக்கு, எசேக்கியேல் 36. நேரம் குறைவு என்றால் சிலவற்றை விடலாம், ஆனால் செங்கடல் வாசகத்தை எந்தக் கோவிலிலும் விடக்கூடாது என்பது விதி. உங்கள் பாடத்துக்கு எசாயா 55 மிகவும் பொருந்தும். தாவீதுக்கு அருளிய நிச்சயமான கிருபைகள் என்று மூன்றாம் வசனத்தில் வருவதைத்தான் பவுல் பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் உயிர்ப்பைப் பற்றிப் பேசும்போது எடுத்துக்காட்டுகிறார் (அப்போஸ்தலர் 13:34). உபதேசியார் ஐயா சொன்ன சிங்காசனம் அங்கேயும் வருகிறது. பாரூக்கு உங்கள் வேதாகமத்தில் இராது. அதை விட்டுவிட்டு எசேக்கியேலுக்குப் போய்விடுங்கள்.