பொறுத்துக்கொண்டது போதும்: வடசென்னைச் செவிலியர்களின் அனுபவப் பகிர்வு

அரசு மருத்துவமனை, ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டு

2015ஆம் ஆண்டு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் தேறி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியில் சேர்ந்தவர்களுள் நானும் ஒருத்தி. முதலில் வெளிமாவட்டத்தில் ஓர் ஆரம்பச் சுகாதார நிலையம், பிறகு வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனை என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. ஊதியத்தைப் பற்றியும் இடமாறுதலைப் பற்றியும் நாம் கூடும்போதெல்லாம் பேசுகிறோம். ஆகவே நான் ஒரே ஓர் இரவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அன்று வார்டில் 46 நோயாளிகள் இருந்தார்கள். கட்டில் கிடைக்காத ஆறு பேர் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். பணியில் இருந்தவர்கள் இரண்டே ஸ்டாஃப் நர்ஸ்கள். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்ற இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கை நாம் எல்லோரும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள்தாம். அந்தக் கணக்குக்கும் வார்டுக்கும் உள்ள தூரத்தை நோயாளியோடு வந்தவர்கள் அறிய மாட்டார்கள். அறிய வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை.

காசிமேட்டில் விசைப்படகில் வேலை செய்யும் ஓர் இளைஞர், குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தம் தந்தைக்குத் துணையாக இருந்தார். இரவு ஒன்றரை மணிக்கு டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்து, கையில் செருகியிருந்த வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாயிலிருந்து ரத்தம் டிரிப்ஸ் குழாய்க்குள் ஒரு சாண் அளவுக்குப் பின்னேறிவிட்டது. அந்த நேரத்தில் நான் வார்டின் மறுகோடியில் இருந்தேன். தூக்கக் கலக்கத்தில் வயிற்றிலிருந்த வடிகுழாயை இழுத்துவிட்ட ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னுடன் இருந்த சிஸ்டர் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு நோயாளியை அழைத்துவரப் போயிருந்தார். அந்த இளைஞர் நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார். ஐந்தாவது முறை கூப்பிடவில்லை. வந்து மருந்து டிராலியை எட்டி உதைத்தார். ஊசி மருந்துக் குப்பிகள் உடைந்து, மருந்துப் பொடியும் கண்ணாடித் தூளும் தரையெங்கும் சிதறின. "எங்க நைனா ரத்தம் பூரா வெளிய போயினுகீது, நீ இன்னா பண்ணினுகீற?" என்று என் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்தினார். எங்கள் வார்டு ஆயா ஓடிவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டார். அவர் நின்றிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

பாட்டில் காலியானதும் மேலிருந்து வரும் அழுத்தம் குறைகிறது; அதனால் ரத்தநாளத்தின் அழுத்தம் ரத்தத்தைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கவனிக்காமல் விட்டால் வென்ஃப்ளான் அடைத்துக்கொள்ளுமே தவிர, நோயாளியின் உயிருக்கு அதனால் ஆபத்து இல்லை. நமக்கு இது அரை நிமிட வேலை. ஆனால் கட்டிலருகே விழித்திருக்கும் மகனுக்கு, தன் தந்தையின் ரத்தம் அவர் உடம்பிலிருந்து இறங்கிப் போவதைக் கண்ணால் பார்ப்பதாகத்தான் தோன்றும். அவருடைய செயலை நான் நியாயப்படுத்தவில்லை. அவருடைய பயம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த நாள் பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு டிரிப்ஸ் ஏற்றும்போதெல்லாம் ஒரு பிளாஸ்டரைப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டி, பேனாவால் கோடு போட்டு, எந்த மணிக்கு மருந்து எந்தக் கோட்டுக்கு இறங்கும் என்று எழுதிவிடுகிறேன். கீழ்க் கோட்டைக் காட்டி, "இங்கே வந்ததும் என்னைக் கூப்பிடுங்கள். நான் வரத் தாமதமாகி ரத்தம் கொஞ்சம் ஏறினாலும் பயப்பட வேண்டாம், அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது" என்று துணைக்கு இருப்பவரிடம் சொல்லிவிடுகிறேன். இரவுப் பணி தொடங்கியதும், முந்தைய ஷிஃப்ட் செவிலியரிடம் ரிப்போர்ட் வாங்கிய கையோடு, ஒவ்வொரு கட்டிலாகப் போய் என் பெயரையும், இன்றிரவு என்னென்ன மருந்து உண்டு என்பதையும், டாக்டர் எப்போது வருவார் என்பதையும் சொல்கிறேன். இருபது நிமிடம் ஆகும். காஷுவாலிட்டி என்ற அவசரப் பிரிவிலிருந்து அடுத்தடுத்து ஆட்கள் வரும் நாளில் இதைச் செய்ய முடிவதில்லை. அப்படிப்பட்ட நாட்களில்தான் சண்டையும் வருகிறது.

நான் வருந்துவது வேறொன்றுக்காக. அன்று பணியிலிருந்த டாக்டர், "விட்டுடுங்க சிஸ்டர், காலையில டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்" என்றார். நானும் விட்டுவிட்டேன். எதிலும் எழுதவில்லை. உடைந்த குப்பிகளுக்கு மட்டும் கணக்கு எழுதிக் கொடுத்தேன். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது என்பதும், அதில் செவிலியரும் அடங்குவர் என்பதும், தண்டனை 10 ஆண்டுச் சிறை வரை போகலாம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான். பொறுத்துப் போவதே செவிலியருக்கு அழகு என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள்.

தண்டையார்பேட்டையில் குடியிருக்கும், தனியார் மருத்துவமனைச் செவிலியர்

மேலே அக்கா எழுதிய கடைசி வரியைப் படித்த பிறகுதான் எனக்கு இதை எழுதும் துணிவு வந்தது. 30 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் ஊதியம் தர வேண்டும் என்று, உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு 2016இல் பரிந்துரைத்தது. எனக்குக் கையில் கிடைத்தது 11,000. என் அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் பீரோவில் இருந்தன.

அங்கே ஊசி வெட்டும் கருவி பழுதாகி இரண்டு மாதமாகியும் சரிசெய்யவில்லை. பயன்படுத்திய ஊசிகளைப் பழைய குடிநீர் பாட்டிலில் போட்டுவந்தோம். கூர்மையான கழிவுகளைத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில்தான் போட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன; கேட்டபோதெல்லாம் "அடுத்த மாதம் வாங்கலாம்" என்றார்கள். ஒரு மாலை, யாரோ ரத்தம் எடுத்துவிட்டுக் கிட்னி டிரேயில் பஞ்சுக்கு அடியில் விட்டுப்போன ஊசி, நான் டிரேயைக் கழுவ எடுத்தபோது இடக்கை ஆள்காட்டி விரலில் ஏறியது. கையுறையைக் கழற்றியபோது நகத்தின் ஓரத்தில் கடுகளவு ரத்தம் நின்றது. உடனே அதைப் பிதுக்கினேன், ஸ்பிரிட் ஊற்றினேன். இரண்டுமே செய்யக் கூடாதவை. பிதுக்காமல், வாயில் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் முறை.

மேலாளரிடம் சொன்னபோது, "சின்னக் குத்துதானே, வெளியே சொல்லி நோயாளிகளைப் பயமுறுத்தாதே" என்றார். அந்த ஊசி எந்த நோயாளியுடையது என்றுகூட யாரும் விசாரிக்கவில்லை. என்னோடு படித்த தோழி ஓர் அரசு மருத்துவமனையில் இருந்தாள். அவளுக்குத் தொலைபேசியில் சொன்னதும், "ட்யூட்டி முடியட்டும் என்று பார்க்காதே, இப்போதே ஆட்டோ பிடித்துக் காஷுவாலிட்டிக்கு வா" என்று அதட்டினாள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை, தொடங்கினால் 28 நாட்களும் விடாமல் சாப்பிட வேண்டும் என்பதையெல்லாம் அங்கிருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். நோயுள்ளவர் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு ஏறத்தாழ 1000க்கு 3தான் என்றும், தடுப்பூசி போடாதவர்களுக்கு மஞ்சள் காமாலை பி வகையின் ஆபத்து அதைவிடப் பல மடங்கு அதிகம் என்றும் சொன்னார். நான் அந்தத் தடுப்பூசியின் இரண்டு தவணைகளை மட்டும் போட்டிருந்தேன். ஆறாம் மாதம் போட வேண்டிய மூன்றாவது தவணையைப் பணி மாறும் அவசரத்தில் மறந்துபோயிருந்தேன்.

அந்த 28 நாட்களும் குமட்டலோடு வேலைக்குப் போனேன். மாத்திரை டப்பாவை வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அம்மா பார்த்தால் என்ன நினைப்பார் என்ற பயம். ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என மூன்று முறையும் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. ஊசிக் குத்தைவிட அதை மறைத்த ஆறு மாதங்கள்தான் என்னை வாட்டின. இப்போது வேறு மருத்துவமனையில் இருக்கிறேன். சேர்ந்த முதல் நாளே ஊசிக் குத்துப் பதிவேடு எங்கே என்று கேட்டேன், எடுத்துக் காட்டினார்கள்.

திருவொற்றியூரிலிருந்து

ஒரு சிறிய குறிப்பு மட்டும். 12 மணி நேர இரவுப் பணி முடித்துக் காலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வருவதை நான் நிறுத்திவிட்டேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஒருமுறை கண் செருகிவிட்டது. கைப்பிடி ஆடியதும் விழித்துக்கொண்டேன். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு ரயிலில்தான் வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குள் நுழையாமல், நேராக ஜன்னலில் கறுப்புத் துணி போட்ட அறையில் படுத்துவிடுகிறேன். முதல் மாதம் மாமியாருக்கு வருத்தம்தான். லாரிகளுக்கு நடுவில் நடந்ததைச் சொன்ன பிறகு அவரே காலையில் எனக்காகக் கஞ்சி வைத்துத் தருகிறார்.

வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பகுதிகளில் வீடு வீடாகச் செல்லும் நோய் ஆதரவுச் செவிலியர்

மருத்துவமனைக்குள் பணியாற்றும் சகோதரிகளுக்கு உதவிக்கு அழைக்க ஓர் ஆளாவது இருக்கிறார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் படியேறுகிறேன். குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளில், மூன்றாவது மாடியில், பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகளாகப் படுத்திருப்பவர்களுக்கும் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கும் கட்டு மாற்றுவதும் சிறுநீர்க் குழாய் மாற்றுவதும் என் வேலை. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு இந்த வேலையைப் பற்றிப் பலருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் எங்கள் மிகச் சாதாரணமான சிக்கலை யாரும் கேட்பதில்லை: கழிப்பறை. காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் பிற்பகல் வரை நான் போகும் வீடுகளில், பத்துக் குடும்பங்கள் பயன்படுத்தும் கழிப்பறையின் சாவியைக் கேட்கத் தயங்கி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து, நோயாளிகளுக்கு நான் வாங்கிக்கொடுக்கும் அதே மாத்திரையை நானும் சாப்பிட்டேன். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று வாய் ஓயாமல் ஊருக்குச் சொல்பவள் நான். இப்போது வழித்தடத்தை மாற்றி, நடுவில் ஒருமுறை நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வந்துபோகும்படி அமைத்துக்கொண்டேன். மேலதிகாரியிடம் காரணத்தை வெட்கப்படாமல் சொன்னேன். அவரும் ஒரு பெண், உடனே சம்மதித்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பாட்டிக்கு இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். எலும்பு தெரிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று மருமகளிடம் சொல்லச் சொல்ல, அவர் தலையாட்டினாரே தவிரப் புண் ஆறவில்லை. நான்காவது முறை போனபோது கோபத்தில் குரலை உயர்த்திவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் தம் மணிக்கட்டைக் காட்டினார், வீங்கியிருந்தது. கணவர் துறைமுகத்தில் லாரி ஓட்டப் போனால் வர மூன்று நாள் ஆகும், தனியாளாகத் திருப்பித் திருப்பிக் கை பிசகிவிட்டது என்று பிறகு சொன்னார். அன்று ஒரு பழைய புடவையை நான்காக மடித்துப் பாட்டிக்கு அடியில் விரித்து, அதைப் பிடித்து இழுத்துத் திருப்பும் முறையை அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. புண் முழுதாக ஆறுவதற்குள் பாட்டி இறந்துவிட்டார். நான் கதவருகிலேயே நின்று கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். மாதத்துக்கு இரண்டு மூன்று பேரை இப்படி இழக்கிறோம். அழுவதற்கு எங்களுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். இப்போதைக்கு சனிக்கிழமை மாலை நாங்கள் மூன்று பேர் சந்தித்து, அந்த வாரம் போனவர்களைப் பற்றிப் பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

மீண்டும் அறுவைச் சிகிச்சை வார்டிலிருந்து

புதிதாகப் பணியில் சேர்ந்த ஒரு தங்கை, எழுதிக் கொடுத்தால் நம்மையே குற்றம் சொல்ல மாட்டார்களா என்று கேட்டிருக்கிறாள். சொன்னார்கள், உண்மைதான். காசிமேட்டு இளைஞரின் நிகழ்ச்சிக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, குடித்துவிட்டு வந்த ஒருவர் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். அன்று அதிகாலை 3.40 மணிக்கே, கை நடுக்கம் நிற்கும் முன், ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். நான் என்ன உணர்ந்தேன் என்பதை எழுதவில்லை. மணி, கட்டில் எண், அந்த நேரத்தில் வார்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை, பணியிலிருந்தோர் எண்ணிக்கை, நான் செய்துகொண்டிருந்த வேலை, அவர் பேசிய சொற்கள் அப்படியே, பார்த்தவர்கள் யார் யார் என இவ்வளவுதான். ஒரு படியை நர்சிங் கண்காணிப்பாளருக்கும், ஒன்றைப் புறக்காவல் நிலையத்துக்கும் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, ஒரு படியை வீட்டில் வைத்துக்கொண்டேன். "இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா" என்று மேலிடத்தில் கேட்டவர்கள், நோயாளிகள் 51, செவிலியர் 2 என்ற வரியைப் படித்ததும் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

அந்த மனிதர் மறுநாள் மனைவியோடு வந்து மன்னிப்புக் கேட்டார். ஏற்றுக்கொண்டேன், மனுவைத் திரும்பப் பெறவில்லை. ஒன்றரை மாதம் கழித்து எங்கள் தளத்துக்கு இரவு ஒன்பது மணி முதல் ஒரு காவலர் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இன்னும் ஆள் வருவதில்லை. அதையும் சென்ற வாரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.