சங்கத் தேர்தலில் சம வாக்கு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் நாங்கள் நடத்தும் சிறிய மருத்துவர் சங்கத்தில் செயலாளர் தேர்தல் முடிவு சொல்ல முடியாமல் நிற்கிறது. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம். தேர்தல் அலுவலர் நான்தான்.

போன ஞாயிறு பதிவானவை 63 வாக்குகள். இருவருக்கும் தலா 31. மீதியுள்ள ஒரு சீட்டில் மை, இரண்டு பெயர்களுக்கும் நடுக்கோட்டின் மேலேயே விழுந்திருக்கிறது. விளக்கில் பிடித்துப் பார்த்தும் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை.

மூன்று முறை எண்ணிவிட்டோம். துணைவிதிகளைப் புரட்டினோம், சம வாக்கு பற்றி ஒரு வரிகூட இல்லை. இருவரையும் அழைத்துப் பேசினேன். ஒருவர் குலுக்கலுக்குச் சம்மதிக்கிறார், மற்றவர் மறுவாக்கெடுப்புதான் வேண்டும் என்கிறார். இருவருமே நடுராத்திரியில் கூப்பிட்டாலும் நோயாளிக்காக ஓடி வருகிறவர்கள். யார் மனமும் நோகக் கூடாது.

பழைய நிர்வாகக் குழுவின் மூன்றாண்டுக் காலம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதிய பெயர்களை ஏழாம் எண் படிவத்தில் மாவட்டப் பதிவாளருக்குத் தர வேண்டும். சீட்டுகள் அரக்கு முத்திரையோடு என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

துணைவிதியில் வழி இல்லாதபோது குலுக்கல், மறுவாக்கெடுப்பு இரண்டில் எது பின்னால் வழக்குக்கு இடம் தராது?