அப்பத்தா வீட்டுச் சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

திவ்யா: பெரியப்பா, அண்ணா நகரில் வீடு முடிவாகிவிட்டது. மாடிப் போர்ஷன். நானும் ஆபீஸ் பிள்ளைகள் ரெண்டு பேரும். சனிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கணும். கரண்ட் பில்லை என் பெயருக்கு மாற்றணுமா?

செல்வி சித்தி: ஹாஸ்டலில் என்ன குறை

திவ்யா: அதைப் போன வாரமே பேசியாச்சு சித்தி

மதன்: வாழ்த்துகள் 🎉 பிரியாணி எப்போ

பெரியப்பா: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் ஈபி கார்டைக் கேள். அதில் இணைப்பு எண் இருக்கும், நம் மதுரை மண்டலத்துக்கு 05 என்று தொடங்கும். அதை ஆன்லைனில் போட்டால் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். முன்னால் இருந்தவர் கட்டாமல் போயிருந்தால் அந்தப் பாக்கி அவரைத் தேடிப் போகாது, இணைப்பின் மேல்தான் நிற்கும். ஃபியூஸைப் பிடுங்க ஆள் வரும்போது இருட்டில் உட்காரப் போவது நீ. பெயர் மாற்ற வேண்டியதில்லை, வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கட்டும். ஆனால் மொபைல் எண்ணை உன்னுடையதாகப் பதியச் சொல், இல்லாவிட்டால் பில் எஸ்எம்எஸ் பழைய ஆளுக்கே போகும். அப்புறம், சாவி வாங்கும் அன்றைக்கே மீட்டரைப் போட்டோ எடு. எண்கள் மாறி மாறி ஓடும், கேடபிள்யூஎச், அதாவது ஓடிய யூனிட் கணக்கு, என்று வரும்போது எடுக்கணும், மீட்டர் நம்பரும் சேர்ந்து தெரியணும்.

மதன்: பெரியப்பா 🙏🙏

அம்மா: பத்திரமா எழுதி வச்சுக்கோ

திவ்யா: ஒரு சிக்கல். கார்டெல்லாம் வேண்டாம், யூனிட்டுக்கு 9 ரூபாய் கணக்குப் போட்டு என்னிடமே கொடுங்கள் என்கிறார்

பெரியப்பா: அப்படியென்றால் கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் ஒரே இணைப்பு, உனக்கு சப் மீட்டர். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது உன் கைக்கு வராது. ரெண்டு வீடும் சேர்ந்து 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரை உள்ள பாதி விலையும் போய்விடும். தனி மீட்டர் இருக்கிறதா என்று நேராகவே கேள்.

முருகன் மாமா: வில்லாபுரம் வீட்டிலும் ஒரே மீட்டர்தானே. மோட்டார் யாருக்கு ஓடியது என்ற கணக்கு இன்னும் முடியவில்லை

செல்வி சித்தி: _இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

அம்மா: இப்போ அது எதுக்கு அண்ணே

முருகன் மாமா: சும்மா சொன்னேன்

மதன்: சித்தி என்ன போட்டீங்க 👀

அம்மா: கேஸுக்கு அப்பத்தா சிலிண்டர் சும்மாதானே கிடக்கு, அதைத் தூக்கிட்டுப் போகட்டும்

செல்வி சித்தி: அது எங்க அடுப்படியில் இருக்கு

பெரியப்பா: அப்பத்தா பெயரில் உள்ள இணைப்பை வாரிசு பெயருக்கு மாற்றாமல் யாரும் எடுக்க வேண்டாம். இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் கேட்பார்கள். திவ்யாவுக்கு இப்போதைக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் போதும், அடையாள அட்டை காட்டினாலே கிடைக்கும், முகவரிச் சான்று தேவையில்லை. வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு 14.2 கிலோவுக்குப் பதிந்துகொள்ளலாம்.

மதன்: இண்டக்‌ஷன் வாங்கிடு, முடிஞ்சுது

பெரியப்பா: மூன்று பேர் சமையல், ஏசி வேறு. 500 யூனிட்டைத் தாண்டிவிடும், பார்த்துக்கொள்.

முருகன் மாமா: கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதே, ஜன்னலைத் திற, வெளியே வந்து 1906-க்குப் போன் பண்ணு

திவ்யா: சரி மாமா. அட்வான்ஸ் பத்து மாசம் கேட்கிறார். அது சரியா?

பெரியப்பா: 2017 வாடகைச் சட்டப்படி மூன்று மாச வாடகைதான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும். அதனால் எழுதுவதற்கு முன்னால் பேசு.

அம்மா: ஆடி பிறக்குறதுக்குள்ள பால் காய்ச்சணும், வெள்ளிக்கிழமை நாள் எப்படி

செல்வி சித்தி: வெள்ளி எனக்கு ஆகாது, திருமங்கலத்தில் காதுகுத்து

அம்மா: யாருக்கு??

செல்வி சித்தி: நாத்தனார் பேரனுக்கு. உங்களுக்குப் பத்திரிகை வரலையா

அம்மா: வரலை

முருகன் மாமா: புதன்கிழமை?

மதன்: நான் வண்டி எடுக்கணும்னா ஞாயிறு மட்டும்தான்

திவ்யா: பால் காய்ச்சும் நாளை அப்புறம் பார்த்துக்கலாம்மா. தனி மீட்டரா என்று கேட்டதற்கு வீட்டுக்காரர் இன்னும் பதில் சொல்லலை, ப்ளூ டிக் மட்டும் வந்திருக்கு

பெரியப்பா: கார்டு படம் வந்தவுடன் எனக்கு அனுப்பு, பாக்கியை நான் பார்க்கிறேன். அதுவரை பணம் போடாதே.