மறு: நியூலைனுக்குத் தமிழ்: வரிமுறியா, வரியீறா?

நண்பர்களே,

வியாழக்கிழமை பாடக்குறிப்பு அச்சுக்குப் போக வேண்டும், அதனால் நியூலைனை, அதாவது என்டர் தட்டினால் கோப்பில் பதியும் குறியை, தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சை மறுபடி இழுக்கிறேன்.

சிக்கல் வகுப்பில் வந்தது. ஃப்ரீபேசிக் நிரல்மொழியில் ஒரு பயிற்சி கொடுத்தேன்: திருக்குறள் கோப்பில் எத்தனை வரி? தலைப்பு, வெற்று வரி எதுவும் இல்லை, குறள் மட்டும். லைன் இன்புட் கட்டளை போட்டு ஈஓஎஃப் (கோப்பு முடிவு) வரை வரிவரியாகப் படித்தவர்களுக்கு 2660 வந்தது. 1330 குறளுக்கு அது சரி. அப்புறம் வேகமான வழியைக் காட்டினேன்: கோப்பை பைனரியில் திறந்து, 64 கிலோபைட் துண்டுகளாக எடுத்து, நியூலைனைக் குறிக்கும் 10 என்ற பைட்டை மட்டும் எண்ணுவது. ஒவ்வொரு வரிக்கும் சரம் உருவாக்கும் வேலை மிச்சம். யூடிஎஃப்-8 குறியீட்டு முறையில் தமிழ் எழுத்தின் எந்த பைட்டும் 128க்குக் குறையாது, அதனால் எழுத்துக்கு நடுவே 10 வந்து ஏமாற்றாது. ஆனாலும் விடை 2659. கடைசிக் குறளுக்குப் பின் யாரும் என்டர் தட்டவில்லை.

> வரிமுறி என்றால் எல்லோருக்கும் புரியும். அதுவே போதும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். முறி என்பது இரண்டு வரிக்கு நடுவே இருப்பது, அப்படி நினைக்கிற பிள்ளை எண்ணி முடித்து எப்போதும் ஒன்றைக் கூட்டும். கடைசியில் என்டர் தட்டிய கோப்பில் 2661 வந்து நிற்கும். யுனிக்ஸ் வழக்கில் அந்தக் குறி வரியை முடிப்பது. அதைத்தான் வரியீறு என்கிறேன். நிலைமொழி ஈறு, வருமொழி முதல் என்று புணர்ச்சி படித்த பிள்ளைக்கு ஈறு புதிய சொல்லா? விண்டோஸ் கோப்பில் வரி முடியும்போது வரும் 13, 10 என்ற இரண்டு பைட்டும் சேர்ந்து ஒரே ஈறு என்று சொல்லவும் இது வசதி. குறளையே பாருங்கள், ஈற்றடிக்கு மூன்றே சீர், அதற்காக அதை அடிக்கணக்கில் விட்டுவிடுகிறோமா? ஈறு இல்லாமல் நிற்கிற கடைசி வரியையும் அப்படித்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

> அப்படியானால் வரி எதற்கு? அடி என்றே வைக்கலாமே. வரி என்றால் வருமான வரி நினைவுக்கு வருகிறது.

சீர் இல்லாத உரைநடைக் கோப்பில் அடி எங்கே இருக்கிறது? வரிப்புலியையும் வரிக்குதிரையையும் பார்த்து யாரும் வருமான வரியை நினைப்பதில்லை. கானல்வரி பற்றி நீங்கள் எழுதிய மூன்று மடல்களையும் ரசித்துப் படித்தேன், ஆனால் அந்த வரி ஒரு பாட்டு வகை, இங்கே உதவாது.

ஈறு என்றால் பிள்ளைகளுக்குப் பல் ஈறுதான் தோன்றும் என்று நம் குழுவில் ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். உண்மைதான், என் வகுப்பிலும் கேட்டார்கள். சொல்லின் ஈறு மாதிரி என்றதும் பிடித்துக்கொண்டார்கள். நியூலைன் என்றே விடலாம் என்பதற்கு மட்டும் என்னால் இசைய முடியாது.

சரி, இதுவரை வரிமுறிக்கு ஐந்து பேர், வரியீற்றுக்கு என்னோடு மூன்று. குறிப்பில் வரிமுறி என்றே போகிறது. நிரலில் 'கோப்பு காலியாக இல்லாமல், கடைசி பைட் 10 ஆகவும் இல்லாவிட்டால் ஒன்று கூட்டு' என்று சேர்த்துவிட்டேன். அடுத்த பதிப்பின்போது மறுபடி கேட்பேன்.

அன்புடன்