ஆசிரியர்களே, செய்து காட்டப் போய் மாட்டிக்கொண்ட வகுப்பு எது?

எட்டாம் வகுப்பு அறிவியல் சார்:
ரெண்டு சிரிஞ்ச், நடுவில் டியூப், தண்ணீர், அட்டை லிஃப்ட். எல்லாரும் செய்திருப்பீர்கள். 5 மி.லி. சிரிஞ்சை அழுத்தினால் 20 மி.லி. பக்கம் லிஃப்ட் ஏறும். இருபதை ஐந்தால் வகுத்து, "விசை நான்கு மடங்கு" என்று பலகையில் எழுதிவிட்டேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். "சார், சின்னதை நாலு சென்டிமீட்டர் தள்ளினேன். நாலு மடங்குன்னா பெரிசு ஒரு சென்டிமீட்டர்தானே ஏறணும்? ஒன்றரை கிட்ட ஏறுதே."

"ஸ்கேலை நேரா வைம்மா" என்று உட்கார வைத்துவிட்டேன்.

ராத்திரி வீட்டில் விட்டத்தை அளந்தேன். 12 மி.மீ., 20 மி.மீ. வர்க்கம் எடுத்தால் 144-க்கு 400. மூன்று மடங்குகூட இல்லை. பெரிய சிரிஞ்ச் அகலம் மட்டுமல்ல, நீளமும் கூட. நான் வகுத்தது கொள்ளளவை, வகுக்க வேண்டியது பரப்பை. மறு வருடம் அவள் டி.சி. வாங்கிப் போய்விட்டாள். ஸ்கேல் நேராகத்தான் இருந்தது என்று அவளிடம் சொல்லவே இல்லை.

கணக்கு டீச்சர்:
எனக்கும் ஒன்று உண்டு. பள்ளித் தோட்டத்தில் பாத்திக்கு மூலை பிடிக்க பிதாகரஸை விளக்கிக்கொண்டிருந்தேன். கொத்தனார் மகன் ஒருவன் அதற்குள் நூலில் மூணடி, நாலடி, குறுக்கே அஞ்சடி பிடித்து முளை அடித்துவிட்டான்.

சார், உங்கள் சிக்கல் வேறு. விட்டத்தை முதலில் பிள்ளைகளையே அளக்கச் சொல்லுங்கள். வெளிச்சுவரை அல்ல, பிஸ்டனின் ரப்பரை. டியூபை வாளித் தண்ணீருக்குள் வைத்தே மாட்டுங்கள். காற்றுக்குமிழி ஒன்று நின்றாலும் அது சுருங்கி, லிஃப்ட் சோம்பேறியாகிவிடும். லிஃப்டை முதல் நாளே கட்டித் தராதீர்கள். "100 கிராமை 3 செ.மீ. தூக்க வேண்டும், எந்த சிரிஞ்ச் எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். கணக்குப் போடாமல் கட்டவே முடியாது. அப்புறம் வரைபடத்தாளில்...

இயற்பியல் சார், மேல்நிலை:
டீச்சர், கேட்க நன்றாக இருக்கிறது. 40 நிமிடப் பீரியடு, 48 பிள்ளைகள். வாளிக்கு எங்கே போவது? பத்தாவதில் சிலபஸை யார் முடிப்பது?

என் கதை ஊசல். சைக்கிள் நட்டு, ஒரு மீட்டர் நூல். பத்து அலைவுக்கு 20 நொடி வர வேண்டும். ஒரு குழுவுக்கு மட்டும் மூன்று தடவையும் 18. 9.8 வர வேண்டிய புவியீர்ப்பு முடுக்கம் 12.2 என்று வந்து நிற்கிறது! நூலை மாற்றினேன், நேரம் பார்த்த மொபைலை மாற்றினேன். பக்கத்துக் குழுப் பையன் சிரித்துக்கொண்டே, "சார், அவன் விடும்போதே ஒண்ணுன்னு எண்றான். ஜீரோன்னுல்ல ஆரம்பிக்கணும்?" என்றான். அத்தனை நேரமும் நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கணக்கு டீச்சர்:
நீளத்தை நட்டின் நடுப்பகுதி வரை அளந்தீர்களா, முடிச்சு வரையா?