கலைஞர் ஓலாஃபர் எலியாசனின் பனிக்கட்டி, சூரியன், வானவில்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தேம்ஸ்கரை:
2018 டிசம்பர், லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூட வாசல். கிரீன்லாந்து ஐஸ் கட்டியள் 24உம் வந்து இறங்கின கிழமை. "இந்தக் குளிருக்குள்ள ஏன் என்னை இழுத்துக்கொண்டு வந்தனீ" எண்டு நிண்ட அம்மா, ஒரு சின்னப் பெடியன் ஐஸில காதை ஒட்டிக்கொண்டு நிக்கிறதைக் கண்டிட்டு, தானும் தொப்பியைக் கழட்டிப்போட்டுக் காதை வைச்சா. அசையேல்லை. "உள்ளுக்கை கடுகு வெடிக்குதடா." ஆயிரக்கணக்கான வருசமா அமத்துப்பட்டுக் கிடந்த காத்து, உருகேக்க வெடிச்சு வெளிய வருது எண்டன். "அப்ப அந்தக் காத்தை இப்ப நாங்கள் இழுக்கிறமோ?" எண்டு கேட்டா. நான் பதில் சொல்லேல்லை. போட்டோவுக்குத் திரும்பச் சொன்னன். பிறகு அவ அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை.

பழைய மாணவன்:
உருகுறதைக் காட்டறதுக்காக கிரீன்லாந்துல இருந்து ஐஸை வெட்டிட்டு வரணுமா? இதை என்னால ஏத்துக்க முடியலை. ஆனா அதே கட்டடத்துல, 2003 கடைசியில அவர் வச்ச சூரியனை மறக்கவும் முடியலை. அரை வட்டம்தான், மேல கூரை முழுக்கக் கண்ணாடி, அதுல முழு வட்டமாயிடும். ஒரே அலைநீள மஞ்சள் விளக்குங்க. என் சிவப்பு ஸ்வெட்டர் கறுப்பாத் தெரிஞ்சுது. நேரா கிட்டப் போய்ப் பின்பக்கம் பார்த்தேன்: விளக்கு, ஒயர், எல்லாம் வெளிப்படையா. எதையும் மறைக்கலை. திரும்பி வந்து எல்லாரோடயும் தரையில படுத்தேன். இப்பவும் அது சூரியன்தான்.

நூக்_வாசகி:
வெட்டவில்லை ஐயா. பனிப்படலத்திலிருந்து தானாக உடைந்து, கிரீன்லாந்துத் தலைநகர் நூக் பக்கத்துக் கடற்கழியில் மிதந்த துண்டுகளைத்தான் எடுத்து வந்தார்கள். மினிக் ரோசிங் என்ற நிலவியலாளர் அந்த வேலையில் கூடவே இருந்தார். கப்பல் செலவைக் கேளுங்கள், அது நியாயம்.

தஞ்சோங் பகார்:
2024, சிங்கப்பூர் கலை அரும்பொருளகம். 1993ல செஞ்ச அந்த வானவில் அறை. இருட்டு, நீர்த்திவலைத் திரை, ஒரு விளக்கு. "அதோ பாரு"ன்னு நான் கை காட்டுறேன், பக்கத்துல நிக்கிற தங்கச்சி "எங்கேக்கா? ஒண்ணுமில்லையே"ங்குறா. பொய் சொல்றான்னு கோபப்பட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைச்சுது.

போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். துளிக்குள்ள போன ஒளி சுமார் 42 பாகையில திரும்பி வந்தாத்தான் வில் தெரியும். அதனால கண்ணு இருக்குற இடத்தைப் பொறுத்து ஆளுக்கு ஒரு வில். உள்ள போனதும் ஒரே இடத்துல நிக்காதீங்க. மெதுவாப் பக்கவாட்டுல நடங்க, குனியுங்க, நிமிருங்க. கண்ணு இருட்டுக்குப் பழக ரெண்டு நிமிஷம் விடுங்க. பிள்ளைங்களுக்கு உயரம் குறைவு, அதனால தூக்கிக் காட்டாதீங்க, அதுங்களே நடந்து தேடட்டும். போன் வெளிச்சம் வேண்டாம். கூட வந்தவங்க "இல்ல"ன்னா கை நீட்டிக் காட்டாதீங்க. நீங்க விலகி, அவங்களை உங்க இடத்துல நிறுத்துங்க.

தேம்ஸ்கரை:
"அசையேல்லை" எண்டு எழுதினன். பிழை. அவ கண்ணை மூடினவ.